சைகோன் தெருக்களில் பின்சீட்டுப் பயணம்: நம்மவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலோ மதுரையிலோ பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு, வியட்நாமின் ஹோ சி மின் நகரப் போக்குவரத்தைப் பார்த்ததும் ஒரு சின்ன அலட்சியம் வரும். ஹாரன், புகை, நடைபாதையில் ஏறும் வண்டிகள், ஓரத்தில் கொதிக்கும் சட்டி. நமக்குத் தெரியாததா இது? உள்ளூர் வழிகாட்டியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, நாலு மணி நேரத்தில் ஐந்தாறு கடைகளில் சாப்பிட்டுத் திரும்பும் மாலைச் சுற்றுலாவுக்கு நானும் இந்த அலட்சியத்தோடுதான் போனேன். அதன் நினைவாக வலது கெண்டைக்காலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நகரத்தின் பெயர் 1976-இல் மாறியது. ஊர்க்காரர்கள் பேச்சில் இன்னும் சைகோன்தான், எனவே நானும் அப்படியே எழுதுகிறேன். இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. 2025 ஜூலை 1 முதல் மாவட்டம் என்ற நிர்வாக அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வழிகாட்டிகள் "4-ஆம் மாவட்டத்தில் நத்தை, 5-ஆம் மாவட்டத்தில் சீனர் கடைகள்" என்றுதான் பேசுகிறார்கள். பதிவு செய்யும்போது விடுதியின் பெயரை மட்டும் எழுதாமல் தெருவையும் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். நகரத்தின் மையத்தைத் தாண்டி வந்து ஆளை ஏற்றிக்கொள்ளாத நிறுவனங்களும் உண்டு.

எந்த வண்டி?

படத்தைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுப்பது பலரும் செய்யும் தவறு. பழைய ராணுவ ஜீப்பும் வெளிர்நீல வெஸ்பாவும் படத்தில் அழகுதான். ஆனால் சைகோன் குடியிருப்பது அதன் சந்துகளில். ஹெம் என்பார்கள். சாலையிலிருந்து ஒரு சந்து, அந்தச் சந்திலிருந்து இன்னொரு சந்து என்று கிளை பிரிந்துகொண்டே போகும். வீட்டு எண்ணே 51/10/14 என்று சாய்கோடு போட்டு நீளும். எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். பழைய 3-ஆம் மாவட்டத்தில் இருக்கும் பான் கோ பகுதிக்குப் பெயரே சதுரங்கப் பலகை என்று பொருள்படும். அங்கே ஜீப் நுழையாது. வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.

வயதான அப்பா அம்மாவோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் யோசிக்காமல் ஜீப் எடுங்கள். முழங்கால் வலி உள்ளவரை நாலு மணி நேரம் பைக்கில் ஏற்றி இறக்குவது கொடுமை. சிக்லோ என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் பயணி முன்னால் உட்காருவார், மிதிப்பவர் பின்னால். போக்குவரத்தின் முகத்துக்கு நேரே நம்மைத் தள்ளிக்கொண்டு போவதுபோல இருக்கும். அரை மணி நேர வேடிக்கைக்குச் சரி. பல பெரிய சாலைகளில் அதற்கு அனுமதி இல்லை என்பதால் உணவுச் சுற்றுக்கு உதவாது.

"வாடகைக்குப் பைக் எடுத்து நானே ஓட்டிக்கொள்கிறேனே" என்று கிளம்புகிறவர்கள்தான் பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள். இந்தியாவில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படியானதை. ஆகவே நம்முடையது அங்கே செல்லாது. வாடகைக் கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து என்று வரும்போது காப்பீட்டு நிறுவனம் கேட்கும். பின்சீட்டுப் பயணத்துக்கும் உங்கள் பயணக் காப்பீடு பொருந்துமா என்று புறப்படும் முன்பே படித்துப் பார்த்துவிடுங்கள்.

இடது பக்கம் இறங்குங்கள்

இப்போது தழும்புக்கு வருவோம். நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன, ஆகவே சாலையோரமும் இடது பக்கம். பைக்கின் சைலன்சர் வலது பக்கம். ஓரத்தில் நிறுத்தியதும் நாம் இயல்பாக இடது பக்கம் இறங்குகிறோம். சைலன்சர் என்று ஒன்று இருப்பதையே நினைக்க வேண்டியதில்லை. வியட்நாமில் போக்குவரத்து வலது பக்கம். ஓரமும் வலது பக்கம், சைலன்சரும் வலது பக்கம். வண்டி நின்றவுடன் உடம்பு தானாகவே ஓரத்தைப் பார்த்துச் சாயும், வலது காலை முதலில் ஊன்றும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய குழாய் அங்கே காத்திருக்கும். அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். ஓட்டிவந்த பெண் சத்தம்கூடப் போடவில்லை. பக்கத்துக் கடையில் ஓடும் தண்ணீருக்கு இழுத்துக்கொண்டு போய்க் காலை நீட்டச் சொன்னாள். வெளிநாட்டவர்கள் இந்தக் காயத்துக்குச் 'சைகோன் முத்தம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனவே முழுக்கால் சட்டை அணியுங்கள். வண்டி நடைபாதையில் ஏறி நின்ற பிறகு இடது பக்கம் இறங்குங்கள். நடைபாதையில் ஏறும் முன்பே இடது பக்கம் குதித்தால் பின்னால் வரும் வண்டியின் வழியில் போய் நிற்பீர்கள்.

நம்மூர்ப் பெண்கள் பலர் ஒருபக்கமாக உட்கார்ந்து பழகியவர்கள். அங்கே அது ஆகாது. கைப்பிடிக்குக் கைப்பிடி உரசும் நெரிசலில் நீட்டிக்கொண்டிருக்கும் முழங்கால்தான் முதலில் அடிபடும். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் உடைதான் வேண்டும். துப்பட்டாவை விடுதியிலேயே விட்டுவிடுங்கள், அல்லது முடிச்சிட்டுச் சட்டைக்குள் செருகுங்கள். தலைக்கவசம் அங்கே 2007 டிசம்பரிலிருந்து கட்டாயம். கொடுப்பது தளர்வாக இருந்தால் கூச்சப்படாமல் வேறு கேளுங்கள்.

ஓடும் வண்டியில் ஒரு கையில் செல்பேசியைத் தூக்கிப் படமெடுப்பது பைக்கில் வரும் பறிப்புக்காரர்களுக்கு வைக்கும் விருந்து. படம் வேண்டுமென்றால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துவார்கள். அதைவிட எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்று உண்டு: பின்னால் உட்கார்ந்துகொண்டு "பார்த்து, பார்த்து" என்று தோளை அமுக்குவது. அங்கே வண்டிகள் நிற்காமல், ஒன்றுக்கொன்று வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு தண்ணீர் போல விலகிப் போகின்றன. நடுவில் நீங்கள் சாய்ந்தால் கணக்குத் தப்பும். மூட்டைபோல உட்கார்ந்திருப்பதுதான் நல்ல பயணிக்கு அழகு. நடந்து சாலையைக் கடக்கும்போதும் இதே முறைதான். முதலில் இடது பக்கம் பார்த்து, ஒரே சீராக மெதுவாக நடங்கள். ஓடவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது.

கோழியும் 'கா', மீனும் 'கா'

உணவு விஷயத்தில் நாம் செய்யும் பெருந்தவறு, கட்டுப்பாடுகளை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்வது. கடைகள் முன்பே முடிவாகியிருக்கும். நத்தைக் கடையில் போய் "நான் சைவம்" என்றால் வழிகாட்டி என்ன செய்வார்? வெள்ளரிக்காய் வாங்கித் தருவார். பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், "சைவம்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு, நுவொக் மம் என்ற மீன் சாறு ஊற்றியதைக் கொண்டுவருவார்கள். அங்கே அது நமக்கு உப்பு மாதிரி. மீன் சாறு, இறால் விழுது, எலும்பு வேகவைத்த சாறு, பன்றிக்கொழுப்பு, முட்டை என்று தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

அங்கே சைவத்துக்கு 'ச்சாய்' என்று பெயர். தேநீருக்கான இந்திச் சொல் போலவே காதில் விழும். பௌத்த வழக்கப்படியான ச்சாய் கடைகளில் மீன் சாறு கிடையாது, சோயா சாறுதான். கண்டிப்பானவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அதாவது நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி. அந்த நாட்களில் ச்சாய் கடைகள் களைகட்டும். சைவச் சுற்று கேட்பவர்கள் நாட்காட்டியைப் பார்த்துப் பதிவு செய்தால் கொடுத்துவைத்தவர்கள்.

சில வியட்நாமியச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு போவேன் என்று நினைத்தால், தமிழ் எழுத்தே நம்மைக் கவிழ்த்துவிடும். கோழிக்குக் 'கா', மீனுக்கும் 'கா', கத்தரிக்காய் வகைக்கும் 'கா'. முதல் எழுத்தில் ஒலிப்பு வேறு, குரலின் ஏற்ற இறக்கம் வேறு. நம் காதுக்கு மூன்றும் ஒன்றுதான். மாட்டிறைச்சியைக் குறிக்கும் 'போ'வையும் நூடுல்ஸ் சூப்பான 'ஃபோ'வையும் குழப்பிக்கொண்டு விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாக்கை நம்பாதீர்கள். வழிகாட்டியை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி, எல்லாக் கடையிலும் அதையே நீட்டுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெற்றிலை போன்ற இலையில் சுருட்டிக் கரியில் வாட்டி வரும் 'போ லா லோட்', பார்க்கச் சாதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது மாட்டிறைச்சிதான்.

முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடுவது அடுத்த தவறு. நொய்யரிசிச் சோறும் சுட்ட இறைச்சியுமான 'கொம் தாம்' தட்டு முதலில் வந்தால், பாதியோடு நிறுத்துங்கள். 'பான் சியோ' வருகிறதே! அரிசிமாவில் மஞ்சள் கலந்து மொறுமொறுவென்று வார்ப்பது. கல்லில் ஊற்றும்போது எழும் 'சியோ' சத்தம்தான் அதன் பெயர், நம் தோசைக்கல்லின் 'சொய்ங்' போல. இதைத் தோசை என்று நினைத்து அப்படியே பிட்டுத் தின்பவர்கள் பாதி ருசியை இழக்கிறார்கள். கூடவே வரும் கூடை நிறைய இலை தழைகள் அலங்காரத்துக்கு அல்ல. கடுகுக்கீரை இலை ஒன்றை உள்ளங்கையில் விரித்து, ஒரு துண்டு பான் சியோவும் துளசி, புதினா வகைகளும் வைத்து, இறுகச் சுருட்டி, சாற்றில் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

நத்தைக்கும் முறை உண்டு. 4-ஆம் மாவட்டத்தின் வின் கான் தெரு முழுக்க நத்தை, சிப்பிக் கடைகள்தான். தேங்காய்ப்பாலில் வேகவைத்த ஒரு வகைச் சேற்று நத்தை வந்தது. எனக்குக் கொடுத்த ஊசியால் ஐந்து நிமிடம் குடைந்தேன், ஒன்றும் வரவில்லை. ஓட்டிவந்த பெண் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக் காட்டினாள். வால்முனையை முன்பே நறுக்கியிருந்தார்கள். வாய்ப்பக்கத்தை உதட்டில் வைத்து ஒரே உறிஞ்சு, சத்தமாக. முருங்கைக்காயை மெல்லும் நாட்டிலிருந்து போய், மேசை நாகரிகம் பார்த்து ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

'இது கறியே இல்லை' என்னாதீர்கள்

தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளி சேர்த்த கோழிக்குழம்பு ரொட்டியோடு வரும். பெயர் 'கா ரி'. நம் 'கறி'தான், ஊர் ஊராகப் போய் அங்கேயும் சேர்ந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சைகோனில் வட்டித் தொழில் செய்தார்கள். டோன் தட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. ட்ருவொங் தின் தெருவின் மாரியம்மன் கோயிலில் இப்போது கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுற்றில் இந்தக் கோயில்கள் இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள், வழியில்தான் இருக்கும். குழம்பு இனிக்கிறது என்று முகம் சுளிப்பதைவிட, நம் சொல் எங்கே வந்து குடியேறியிருக்கிறது என்று பார்க்கலாமே.

விலை பேசும் பழக்கத்தைச் சாப்பாட்டுக் கடையில் காட்ட வேண்டாம். காலைச் சந்தைச் சுற்றில் இன்னும் எச்சரிக்கை தேவை. முதல் வியாபாரத்தை 'மோ ஹாங்' என்பார்கள். அப்படியே நம் முதல் போணி. காலையில் முதல் ஆளாகப் போய்ப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் நகர்ந்தால், அந்தக் கடைக்காரருக்கு நாள் முழுக்க முகம் இருண்டிருக்கும்.

ஓட்டுபவருக்குப் பீர் வாங்கித் தருவது உபசாரம் என்று நினைக்கிறோம். 2020 ஜனவரி 1 முதல் அங்கே வண்டி ஓட்டுபவரின் உடலில் மது துளிகூட இருக்கக்கூடாது. அவர் மறுத்தால் இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் வற்புறுத்திக்கொண்டே இருந்தார். வண்டி ஓட்டிவந்த பையன் தன் கோப்பையில் வெறும் தேநீரை ஊற்றி "மோட், ஹாய், பா, யோ!" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி எல்லோரோடும் இடித்துக் குடித்து மானம் காத்தான்.

நேரம் பற்றிச் சுருக்கமாக: இந்தச் சுற்றைப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், முதல் மாலையே போங்கள். எங்கே சாப்பிடுவது, எப்படிச் சாலையைக் கடப்பது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். சாயங்காலம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும் என்பதால் ரத்து செய்ய வேண்டாம், செருப்பு போட்டுக்கொண்டு போனால் போதும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கெட்டிப்பால் காபியை முழுக் கோப்பை குடித்தால், ரொபஸ்டா கொட்டை உங்களை விடியும்வரை விழித்திருக்க வைக்கும்.

கடைசியாகப் பணம். வழிகாட்டிக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை, கொடுத்தால் மகிழ்வார்கள். ஆனால் இருபதாயிரம் டாங் நோட்டும் நீலம், ஐந்து லட்சம் டாங் நோட்டும் நீலம். இரண்டுக்கும் இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். தெருவிளக்கின் மங்கலில், ஒரு தட்டு நத்தையும் நீண்ட நாளும் முடிந்த களைப்பில், தவறிக் கொடுப்பது மிகச் சுலபம். அன்று மதியமே இரண்டையும் பர்ஸில் தனித்தனி அறையில் பிரித்து வைத்துவிடுங்கள்.