ஐரிஷ் மொழியில் கேள்வி கேட்க: வினைச்சொல்லின் முதல் ஒலியைக் கவனியுங்கள்

தமிழில் கேள்விக்கு 'ஆ' கடைசியில் வரும். ஐரிஷில் கேள்விச் சொல் முதலில் வரும். உடனே அடுத்த சொல்லின் தலையையும் மாற்றும். பலர் தவறுவது இங்கேதான்.

'ஃபனன் தூ' என்றால் 'நீ தங்குகிறாய்'. கேள்வியாக்க முன்னால் 'அன்' சேர்த்தால் ஃப ஒலி வ ஆகும்: 'அன் வனன் தூ?' இறந்தகாலக் கேள்விக்குப் பெரும்பாலும் 'அர்'. அப்போது ஃப ஒலியே மறைந்து 'அர் அன் தூ?' (தங்கினாயா?) ஆகிவிடும்; இங்கே 'அன்' கேள்விச் சொல் அல்ல, ஃப இழந்த வினை. எழுத்தில் ஃப இருக்கும், கூடவே எச் எழுத்தும் சேரும். இரண்டையும் உச்சரிக்கக் கூடாது.

'இருக்கிறாய்' என்பதற்கான 'தா தூ' விதிவிலக்கு. 'அன் தா தூ?' தவறு, 'அன் வில் தூ?' என்றே கேட்க வேண்டும். 'எங்கே' என்ற 'கா' முன்னால் வந்தாலும் அதே வடிவம்தான்: 'கா வில் தூ?'

பதிலுக்கு ஆம், இல்லை என்று பொதுச்சொல் தேடாதீர்கள், ஐரிஷில் கிடையாது. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என்கிறோமே, அதுபோல வினையையே திருப்பிச் சொல்லுங்கள். 'அன் வனன் தூ?' என்பதற்கு 'ஃபனிம்' (தங்குகிறேன்) அல்லது 'நீ அனிம்' (தங்குவதில்லை; இந்த 'நீ' ஐரிஷின் எதிர்மறைச் சொல்). 'அன் வில் தூ?' என்பதற்கு 'தா' (இருக்கிறேன்) அல்லது 'நீல்' (இல்லை). தமிழருக்கு இது எளிதாகவே பிடிபடும்.