தொண்டு நிறுவன இணையதளத்தை மொபைலுக்கு மாற்றுகிறீர்களா? இவற்றைச் செய்யாதீர்கள்

போன வாரம் மன்னார்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகச் செய்த புதிய இணையதளத்தைக் காட்டினார்கள். செய்தவர்கள் கல்லூரி முடித்த இரண்டு தம்பிகள். லேப்டாப்பில் அருமையாக இருந்தது. என் போனில் திறந்தேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகள் ஒன்று விடாமல் அங்கே இருந்தன. படம் கனமாக இருக்கக் கூடாது, எழுத்து பொடியாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அறிவிப்பைப் படமாகப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அலுவலகத்தில் நோட்டீஸை பாமினியில் அடித்து வைத்திருப்பார்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார்த்திய பழைய எழுத்துரு. அப்படியே தளத்தில் ஒட்டினால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். உடனே, "சரி, ஜேபெக்காகப் போட்டுவிடு" என்று முடித்துவிடுவார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நான் தளம் செய்துகொடுத்த ஒரு நிறுவனம் தென்னங்கன்று கொடுக்க முன்வந்தது. எந்த ஊரில் முகாம், என்னென்ன கொண்டுவர வேண்டும், யாரைக் கூப்பிடுவது, எல்லாம் ஒரே ஏ4 பக்கத்தில். அதைப் படமாகவே ஏற்றினேன். போன் திரைக்கு ஏற்பத் தளம் சுருங்கியது, படமும் கூடவே சுருங்கியது. போதாததற்கு, வடிவம் கலையக் கூடாது என்று விரலால் பெரிதாக்கும் வசதியையும் அடைத்து வைத்திருந்தேன்.

முகாமில் நானும் இருந்தேன். தலைஞாயிறு பக்கமிருந்து ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஆதார் மட்டும். நிலத்துக்கான சிட்டா நகல் இல்லை. "போன்ல பாத்தேன் தம்பி, ஒண்ணும் தெரியல. பேரனும் பாத்தான்" என்றார். அன்றைக்கு அவர் கன்று இல்லாமல்தான் திரும்பினார். சிட்டா என்ற சொல் அந்தப் படத்தில் ஏழாவது வரியில் இருந்தது.

படத்துக்குள் மாட்டிய தமிழைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் சொல்லாது. தேடலில் சிக்குவது அபூர்வம். வாட்ஸாப்பில் ஒட்டலாம் என்று காப்பி செய்யப் போனால் வராது. போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. எல்லாக் கருவிகளுக்கும் புரியும் பொதுக் குறியீடான யூனிகோடில் அடித்தால் இவ்வளவும் நடக்கும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பின் கொம்பும் புள்ளியும் சில இடங்களில் பிசகியிருக்கும், ஒருவர் உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும். அந்தத் தம்பிகளின் முகப்பில் மூன்று அறிவிப்புகள் படமாக இருந்தன. ஒன்றை அங்கேயே தட்டச்சு செய்தோம். இருபது நிமிடம் ஆனது.

வியூபோர்ட் வரியை மறப்பது

பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்கே காட்டச் சொல்லி நிரலின் தலைப்பகுதியில் எழுதும் அந்த ஒரு வரி இல்லையென்றால் பெரும்பாலான போன்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிக் காட்டும். சின்னத் திரைக்கென்று தனியாக நீங்கள் எழுதிய வடிவ விதிகள், அதாவது மீடியா குவெரி, அத்தனையும் வீண்.

ஆங்கிலச் சொற்களை நிரப்பிச் சோதிப்பது

"டொனேட்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் பொத்தானுக்குள் அடங்கிவிடும். "நன்கொடையாளர்களுக்கு" என்ற ஒற்றைச் சொல் 360 பிக்சல் திரையில் பெட்டியைத் தாண்டி வெளியே நிற்கும். முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ் வாசகங்களைப் போட்டுப் பாருங்கள். வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். கீழே இறங்கும் உகரமும் மேலே ஏறும் இகரமும் அப்போதுதான் ஒன்றோடொன்று முட்டாது.

நன்கொடைக்கு கியூஆர் மட்டும் வைப்பது

போனில் பார்ப்பவர் அதே போனால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? யூபிஐ செயலியைத் திறக்கும் பொத்தானையும், காப்பி செய்யக்கூடிய ஐடியையும் பக்கத்திலேயே வையுங்கள்.

பழைய பக்க முகவரிகளைத் தூக்கிவிடுவது

வேண்டாம். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் 301 போடுங்கள்.

அலுவலக வைஃபையில் மட்டும் சோதிப்பது

ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொண்டு கோடியக்கரை பஸ்ஸில் ஏறுங்கள். வெயிலில், ஓடுகிற பஸ்ஸில், ஒற்றைக் கையால் முகாம் தேதியைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.