ஆன்லைன் ரூலட்: பணம் போடும் முன் வெளியே எடுக்கும் வழியைப் பாருங்கள்

போன வருஷம் 140 பவுண்டை ஒரு கேசினோ தளத்திலிருந்து என் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர 23 நாள் ஆனது. தளம் மோசடியானது இல்லை, முறையான லைசென்ஸ் உள்ளதுதான். சிக்கல் என் பெயரில் இருந்தது. அதை 2-ஆம் படியில் சொல்கிறேன்.

இது பிரிட்டனில் வசிக்கும், 18 வயது தாண்டிய, ரூலட் (சுழலும் சக்கரம்), பிளாக்ஜாக் (சீட்டு) மாதிரி மேஜை ஆட்டம் எப்போதாவது ஆடுகிறவர்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆன்லைன் சூதாட்டத்தை மாநிலத்தின் 2022 சட்டமே தடுக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்துவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் லிங்கில் பணம் போட்டால் போட்டதுதான், எந்தக் கதவையும் தட்ட முடியாது.

படி 1: லைசென்ஸ்

தளத்தின் அடியில், லைசென்ஸ் கொடுக்கும் பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் (Gambling Commission) முத்திரை இருக்கும். அதை நம்ப வேண்டாம், ஒரு படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். நீங்களே ஆணையத்தின் தளத்துக்குப் போய், பொதுப் பதிவேட்டில் கம்பெனி பெயரைத் தேடுங்கள். அதன் கீழே எந்தெந்த இணைய முகவரிகளுக்கு அனுமதி என்ற பட்டியல் வரும். நீங்கள் ஆடப்போகும் முகவரி எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும்.

அப்படியே தளத்தின் விதிமுறைகளில் வாடிக்கையாளர் பணப் பாதுகாப்பு பற்றிய பத்தியையும் பாருங்கள். கம்பெனி திவாலானால் உங்கள் இருப்பு என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்லியே ஆக வேண்டும். 'பாதுகாப்பு இல்லை' என்று எழுதியிருந்தாலும் அது சட்டப்படி சரிதான்! அதனால் நான் எந்தத் தளத்திலும் இருப்பை ஒரு ராத்திரிக்கு மேல் விட்டுவைப்பதில்லை.

படி 2: பெயர் (நான் மாட்டிய இடம்)

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுதான் வினை. உதாரணத்துக்கு உங்கள் பெயர் முருகன், அப்பா பெயர் சண்முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் முருகன் சண்முகம். இங்கே வந்த புதிதில் வங்கியில் எஸ். முருகன் என்று பதிந்திருப்பார்கள். கேசினோ படிவத்தில் கடைசிப் பெயர் கேட்டதும், கூப்பிடும் பெயர்தானே என்று முருகனை அங்கே போட்டு, முதல் பெயரில் சண்முகத்தைப் போட்டிருப்பீர்கள். மூன்று இடத்தில் மூன்று ஆள்.

நான் செய்தது ஏறக்குறைய இதேதான். கணக்குத் தொடங்கும்போது தானியங்கிச் சோதனை எப்படியோ விட்டுவிட்டது. பணத்தை வெளியே எடுக்கும்போது பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் அனுப்பினேன், வங்கி அறிக்கை அனுப்பினேன். சாட்டில் வந்தவரிடம் 'சண்முகம் என் அப்பா' என்று விளக்கியபோது, அப்பாவின் அடையாள அட்டையைக் கேட்டார். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கடைசியில் வங்கிக்கு நேரில் போய்ப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை மாற்றி, புது அறிக்கை வாங்கி அனுப்பிய பிறகுதான் நகர்ந்தது.

ஆகவே முதலில் வங்கியில் பெயரைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கேசினோ படிவத்தில் பாஸ்போர்ட்டின் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயர் எதுவானாலும் சரி. சுருக்க வேண்டாம், இனிஷியல் வேண்டாம்.

படி 3: எவ்வளவு, எவ்வளவு வேகம்

கிரெடிட் கார்டில் சூதாடுவது 2020 ஏப்ரல் முதல் இங்கே தடை. டெபிட் கார்டிலும் சம்பளம் வரும் கணக்கைத் தொடாதீர்கள். தனியாக ஒரு கணக்கு வைத்து மாதம் ஒரு தொகை மட்டும் அதற்கு மாற்றுங்கள். எனக்கு 30 பவுண்டு. அது சினிமா டிக்கெட் மாதிரி, போனது போனதுதான். தளத்திலும் டெபாசிட் வரம்பை அதே தொகைக்கு வையுங்கள். குறைத்தால் உடனே அமலாகும், கூட்டினால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள்தான் அதன் அருமை.

எல்லோரும் தொகையைப் பற்றிப் பேசுகிறார்கள், வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒற்றைப் பூஜ்ய ரூலட்டில் 37 கட்டம், கேசினோவின் பங்கு 2.7 சதவீதம். ஒரு பவுண்டு வைத்தால் சராசரியாக 2.7 பென்னி அவர்களுக்கு. நிஜ டீலர் சுற்றும் நேரலை மேஜையில் ஒரு மணி நேரம் எண்ணினேன்: 41 சுற்று. சராசரி இழப்பு சுமார் 1 பவுண்டு 11 பென்னி. கணினி ரூலட்டில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருந்தால் 20 நிமிடத்தில் 150 சுற்று ஓடியது. அதே சக்கரம், அதே ஒரு பவுண்டு, மணிக்கு 12 பவுண்டுக்கு மேல். (ஒரு சுற்றுக்கு 5 வினாடியாவது ஆக வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. அதற்குள்ளேயே இவ்வளவு.) நான் நேரலை மேஜையை மட்டும்தான் தொடுவேன்.

இரட்டைப் பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரம் 5.26 சதவீதம் தின்னும், தள்ளிவிடுங்கள். பிளாக்ஜாக் மேஜைத் துணியில் 3-க்கு 2 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் கிடைக்கும் விகிதம் அது. 6-க்கு 5 என்றால் 10 பவுண்டுக்கு 15 வர வேண்டிய இடத்தில் 12தான் வரும். பக்காரா என்ற சீட்டாட்டத்தில் 'டை' (இரு பக்கமும் சமம் என்ற பந்தயம்) பக்கம் போகவே வேண்டாம். போனஸ்? நான் எடுப்பதில்லை. அதை வெளியே எடுக்கும் முன் இவ்வளவு தொகைக்கு ஆடியாக வேண்டும் என்பார்கள். அதில் மேஜை ஆட்டத்தை அரைகுறையாகக் கணக்கில் எடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள்.

படி 4: முதலில் வெளியே எடுங்கள்

10 பவுண்டு போடுங்கள், நாலு சுற்று ஆடுங்கள், மிச்சத்தை அன்றே திருப்பி எடுங்கள். வந்து சேர எத்தனை நாள், என்ன காகிதம் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழு பவுண்டுக்கு இழுத்தடிப்பவர்கள் எழுநூறுக்கு என்ன செய்வார்கள்? இதை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு அந்த 23 நாள் மிச்சம். புகார் கொடுத்து எட்டு வாரம் ஆகியும் தீரவில்லை என்றால், அந்தக் கம்பெனி சேர்ந்திருக்கும் நடுவர் அமைப்புக்கு இலவசமாகப் போகலாம்.

பின்சேர்க்கை 1: கணவரின் கார்டில் பணம் போட்டுவிட்டு, ஜெயித்ததை எடுக்க முடியவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அடுத்தவர் கார்டு கூடாது, கணவன் மனைவி ஆனாலும் கூடாது. நான் இதை எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது.

பின்சேர்க்கை 2: கேம்ஸ்டாப் (GAMSTOP, சூதாட்டத்திலிருந்து நம்மை நாமே விலக்கிக்கொள்ளும் சேவை) பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். அதில் ஒருமுறை பதிந்தால் லைசென்ஸ் உள்ள எல்லாத் தளங்களும் உங்களைப் பூட்டிவிடும். குறைந்தது ஆறு மாதம், நடுவில் ரத்து செய்ய முடியாது. அங்கேயும் பெயர் விஷயம்தான். நீங்கள் கொடுக்கும் விவரத்தை வைத்துத்தான் ஆளைப் பொருத்திப் பார்க்கிறார்கள். கேசினோவில் ஒரு எழுத்துக்கூட்டலும் அங்கே ஒரு எழுத்துக்கூட்டலும் இருந்தால் பூட்டில் ஓட்டை விழலாம். பழைய மின்னஞ்சல், பழைய வீட்டு அஞ்சல் குறியீடு, எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள்.