அமெரிக்காவில் முனைவர் பட்டம்: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் அதே மனநிலையில்தான் நம் மாணவர்கள் பலர் அமெரிக்க முனைவர் பட்டப் படிப்புக்கும் விண்ணப்பிக்கிறார்கள். இத்தனை மதிப்பெண் என்றால் இந்தக் கல்லூரி என்ற கணக்கு அங்கே செல்லாது. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அந்தத் துறையின் பேராசிரியர்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் யாரை நம்பி ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அவர்களுடைய கேள்வி. அதை மறந்துவிட்டு விண்ணப்பிப்பதால்தான் நல்ல மாணவர்கள்கூட வாய்ப்பை இழக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதங்களில்தான் பெரிய தவறு நடக்கிறது. வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் உண்டு. மாணவரும் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். மூன்றிலும் ஒரே நடை; மூன்றிலும் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்". வருடந்தோறும் நூற்றுக்கணக்கில் கடிதம் படிப்பவருக்கு இது பிடிபடாமல் போகாது. அதைவிட முக்கியம், அது நேர்மையான காரியம் அல்ல. ஆசிரியருக்கு நேரமில்லை என்றால், நீங்கள் செய்த புராஜெக்ட், அதில் உங்கள் பங்கு, எங்கு முட்டி நின்றீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். செப்டம்பர் அல்லது அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.

கல்லூரி முதல்வரின் கடிதம் இருந்தால் கனம் கூடும் என்று நினைப்பதும் தவறு. உங்கள் முகமே தெரியாத முதல்வரைவிட, ஆய்வகத்தில் உங்களுடன் நின்ற உதவிப் பேராசிரியரின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். "ஆம்" என்றே குறியுங்கள். எழுதுபவர் மனம்விட்டு எழுதினார் என்ற நம்பிக்கை படிப்பவருக்கு அப்போதுதான் வரும்.

அடுத்தது நோக்க அறிக்கை, அதாவது என்ன ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள், ஏன் என்று நீங்களே எழுதித் தரும் கட்டுரை. "சிறுவயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் அறிக்கைகளுக்குக் கணக்கே இல்லை. அந்த வரி உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாறாக, "மண் ஈரத்தை அளக்க நாங்கள் வைத்த சென்சார் மதிய வெயிலில் மட்டும் தவறான அளவு காட்டியது, காரணம் வெப்பமா, மின்னழுத்தமா என்று பிரித்துப் பார்க்க இப்படிச் சோதித்தேன்" என்று எழுதினால், ஆய்வு செய்யத் தெரிந்த ஒருவர் கண்முன் நிற்கிறார். யாருடன் பணியாற்ற விரும்புகிறீர்கள் என்று பேராசிரியர்களின் பெயரைக் குறிப்பிடும்போது, அவர் இன்னும் அந்தத் துறையில் இருக்கிறாரா, அண்மையில் எதில் வேலை செய்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியும். காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, பிறகு எப்படி முன்னேறினீர்கள் என்பதைக் காட்டினால் போதும். பத்துக்கு வாங்கிய மதிப்பெண்ணை நான்குக்கு நீங்களாகவே மாற்றிப் போடவும் வேண்டாம். பல்கலைக்கழகம் கேட்டாலொழிய, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

நமக்கென்றே உள்ள ஒரு சிக்கல் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "முருகன் கா", பாஸ்போர்ட்டில் "முருகன் காளிமுத்து", ஆங்கிலத் திறன் தேர்வு போன்றவற்றுக்கான பதிவில் வேறொன்று என்று இருந்தால், மதிப்பெண் ஒரு பக்கமும் விண்ணப்பம் ஒரு பக்கமுமாக நிற்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (FNU, முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொண்டு, எல்லா இடத்திலும் அதே பெயரைப் பயன்படுத்துங்கள்.

டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆகிய ஆங்கிலத் திறன் தேர்வுகளின் மதிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கும், மேற்படிப்புக்கான பொதுத் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டுக்கும் செல்லும். ஜிஆர்இ கேட்பதையே பல துறைகள் நிறுத்திவிட்டன. ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் துறைகளும் உண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்றை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவியல், பொறியியல் துறைகள் பலவற்றில் இளநிலைப் பட்டத்துடனேயே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. ஆய்வில் உண்மையான நாட்டமுள்ள பிள்ளையை, இது தெரியாமல் கடன் வாங்கி முதுநிலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29. அந்த நேரத்தை நம்பி இருக்காதீர்கள். மாலை 5 மணிக்கே மூடும் துறைகளும் உண்டு. இடம் கிடைத்தபின் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். உதவித்தொகையுடன் வரும் அழைப்புக்குப் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் உடன்பட்டிருக்கின்றன. அதற்குமுன் யாராவது நெருக்கினால், இந்த உடன்பாட்டைச் சுட்டிக்காட்டிப் பணிவாக நேரம் கேளுங்கள்.