புற்றுநோய் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எங்கிருந்து படிப்பது?

போன மாதம் பினாங்கு டத்தோ கிராமட் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து அத்தையின் ரிப்போர்ட்டைப் பிரித்தோம். மார்பில் இருந்த கட்டியை எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்க, கவுண்டரில் ஓர் உறையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அத்தை மகள் கண்ணில் முதலில் பட்டது ‘கிரேட் 3’. மூன்றாவது ஸ்டேஜ் என்று நினைத்து அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள், தே தாரிக் ஆறி ஆடை கட்டிவிட்டது. அன்று அவளுக்கு விளக்கிய அதே வரிசையில், மார்பகப் புற்றை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் பெயரைப் பாருங்கள்

‘டயக்னோசிஸ்’ என்ற வரியைத் தேடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ‘பினைன்’ என்றால் புற்று இல்லாத கட்டி, ‘மாலிக்னன்ட்’ என்றால் புற்று. ‘இன் சிட்டு’ என்று இருந்தால் தோன்றிய இடத்தைத் தாண்டவில்லை. ‘இன்வேசிவ்’ என்றால் பக்கத்துச் சதைக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான், உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை.

2. கிரேட் வேறு, ஸ்டேஜ் வேறு

கிரேட் என்பது செல்லின் சுபாவம், ஸ்டேஜ் என்பது அது போயிருக்கும் தூரம். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர் மூன்று விஷயங்களுக்குத் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்: செல்கள் ஒழுங்காகக் குழாய் போல அமைந்திருக்கின்றனவா, உட்கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேட் 1, 6 அல்லது 7 கிரேட் 2, 8 அல்லது 9 கிரேட் 3. அத்தைக்கு 8. வேகமாக வளரும் ரகம்தான், ஆனால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது.

3. டி, என், எம்

தூரத்தைச் சொல்பவை இந்த மூன்று எழுத்துகள். டி கட்டியின் அளவு: 2 செ.மீ. வரை டி1, 5 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3. அத்தைக்கு 1.8. என் என்பது நிணநீர்க் கணு, அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அதுதான். ‘0/3’ என்று போட்டிருந்ததை அத்தை மகள் ஏதோ தேதி என்று நினைத்தாள். மூன்று கணு எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று பொருள். எம், அதாவது மெட்டாஸ்டாசிஸ், தூரத்து உறுப்புக்குப் பரவியதா என்பது. மார்பிலிருந்து எடுத்த சதையில் இது தெரியாது, டாக்டர் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துச் சொல்வார். மார்பகப் புற்று எலும்புக்குப் போனாலும் அது மார்பகப் புற்றுதான், வைத்தியமும் அதற்கேற்றபடிதான்.

4. பாசிட்டிவ் என்றாலே கெட்டதில்லை

எதற்குப் பாசிட்டிவ் என்று பார்க்க வேண்டும். ‘மார்ஜின் நெகட்டிவ்’ என்றால் வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, நல்ல செய்தி. ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்றால் புற்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்து வளர்கிறது, அதைத் தடுக்க டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் இருப்பதால் இதுவும் ஒருவகையில் நல்லதே. ஹெர்2 (செல்லின் மேல் இருக்கும், வளரத் தூண்டும் ஒரு புரதம்) மட்டும் கொஞ்சம் குழப்பும்: 0, 1+ இரண்டும் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ், 2+ வந்தால் முடிவு சொல்ல முடியாமல் இன்னொரு சோதனைக்கு அனுப்புவார்கள். அனுப்பியதற்காகப் பயப்படாதீர்கள்.

5. சிகிச்சைச் சொற்கள்

ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் கீமோ ‘நியோஅட்ஜுவன்ட்’, பின்னால் கொடுப்பது ‘அட்ஜுவன்ட்’. ‘சைக்கிள்’ என்பது மருந்து ஏற்றும் நாளும் உடம்பு தேறும் நாட்களும் சேர்ந்த ஒரு சுற்று, பல மருந்துகளுக்கு 21 நாள். கீமோ நாட்களில் 38 டிகிரி காய்ச்சல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்; வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமியும் ஆபத்து. ‘பாலியேட்டிவ்’ என்றதும் நம் ஆட்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். வலியையும் மூச்சுத்திணறலையும் குறைக்கிற வைத்தியம் அது, மற்ற சிகிச்சையோடு சேர்த்தே கொடுக்கலாம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மலாயில் பேசுவார்கள்: ‘தஹாப்’ என்றால் ஸ்டேஜ், ‘கிரெட்’ என்றால் கிரேட், ‘பெராப்பா’ என்றால் எத்தனை. நான்கு நாள் கழித்து அத்தை நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டார், “தஹாப் பெராப்பா, டோக்டர்?”

“சாத்து” என்றார் டாக்டர். மலாயில் ஒன்று.