மெய்யியல் மேற்படிப்பு: ஆய்வு முன்மொழிவு எழுதுவது எப்படி?

திருகோணமலையில் இருந்துகொண்டு மெய்யியலில் மேற்படிப்புக்கு முயல்பவர்களுக்காக இது. படிவம், சான்றிதழ்ப் பிரதி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். எனக்கு ஒரு வருடத்தைத் தின்றது ஆய்வு முன்மொழிவுதான்.

முதலில் பட்டம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி (எம்.ஃபில்) 11. கலாநிதிப் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் 9 வேண்டாம் என்பேன்.

அடுத்து, தலைப்பை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடியுங்கள். நான் முதலில் அனுப்பியது ‘சைவ சித்தாந்தத்தில் அறிவு’. “இதில கேள்வி எங்கே தம்பி?” என்று மேற்பார்வையாளரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று நாள் கோபம். நாலாம் நாள் பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போனேன். பிரட்ரிக் கோட்டைக்குள் வழக்கமாக நிற்கும் மான்களைக் காணவில்லை. ‘மான் இல்லை’ என்பதைக் கண்ணால் கண்டேனா, ஊகித்தேனா? இல்லாதது எப்படிக் கண்ணில் படும்? குமாரில பட்டரின் மீமாம்சைத் தத்துவம் இதற்கு அபாவம் (இல்லாமை) என்று தனி அளவையே, அதாவது அறியும் வழியே, வைத்திருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரோ பிறர் சொல்லும் பத்து அளவைகளையும் காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (ஊகித்தல்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது. அப்படியானால் அபாவம் அந்த மூன்றில் எதற்குள் போகிறது? அப்படி அடக்குவது சரிதானா? முன்மொழிவு அன்றிரவே பாதி முடிந்தது.

உங்கள் கேள்விக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒருவர் வாதாட முடியாவிட்டால், அது இன்னும் தலைப்புத்தான்.

அப்புறம் மேற்பார்வையாளர். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மெய்யியல் துறை இருக்கிறது. விண்ணப்பிக்க முன்பே கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பத்துப் பக்கம் அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள்.

மேற்கோள்களுக்கு ஸொட்டேரோ (Zotero) என்ற மென்பொருள் போதும், இலவசம். பழைய ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையத்தளம். தட்டச்சு யுனிகோட்டில் மட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

பின்சேர்க்கை: பாமினிக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றியபோது அடிக்குறிப்பில் இருந்த ஆங்கில நூற்பெயர்களும் தமிழாகிக் குழம்பிவிட்டன என்று இருவர் எழுதியிருந்தார்கள். பாமினித் தமிழும் ஆங்கிலமும் மாற்றும் மென்பொருளுக்கு ஒரே ஆங்கில எழுத்துத்தான். ஆங்கிலப் பகுதிகளை வெட்டி வேறு கோப்பில் வையுங்கள், தமிழை மட்டும் மாற்றுங்கள், பிறகு திரும்ப ஒட்டுங்கள்.