பூமியில மாட்டிக்கிட்ட வேற்றுகிரக குழந்தைங்க கதை எழுதுறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

புதுசா சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதுறவங்க, "கொஞ்சம் படிச்சு சொல்லுங்க"னு எனக்கு அனுப்புவாங்க. அதுல திரும்பத் திரும்ப வர்ற கரு ஒன்னு இருக்கு. பாக்க நம்ம மாதிரியே இருக்குற அண்ணன் தங்கச்சி, ஆனா வேற கிரகத்து புள்ளைங்க, இங்க மாட்டிக்கிட்டாங்க, யாரோ துரத்துறாங்க. கரு நல்லா தான் இருக்கு, வீட்டுல பெரியவங்க சின்னவங்க எல்லாரும் சேந்து படிக்கலாம். நடை, எழுத்துப்பிழை எல்லாம் நீங்களே ரெண்டாவது தடவ படிச்சா கண்ணுல பட்டுடும், அத விட்டுடுறேன். எழுதுறவங்க கண்ணுக்கே தெரியாம இருக்குற சிலது மட்டும் இங்க.

கடைசி அத்தியாயத்துல வர்ற ஸ்பேஸ்ஷிப்

இத பாத்தா எனக்கு இன்னும் கடுப்பாகும். கதை முழுக்க ஓடுறாங்க, ஒளியறாங்க, மாட்டப் போறாங்க, அப்ப வானத்துல ஒரு வெளிச்சம், கப்பல் இறங்குது, அம்மா ஓடி வந்து கட்டிப்புடிக்கிறா, முற்றும். சரி, இவ்ளோ ஈஸியா வர முடியும்னா முதல் அத்தியாயத்துலயே வந்திருக்கலாமே? பெரியவங்க விட்டுடுவாங்க, பத்து வயசு புள்ள விடாது.

அப்படி எழுதுன ஒருத்தர்கிட்ட இத கேட்டேன். "இப்ப தான் சார் அவங்களுக்கு சிக்னல் போச்சு"ன்னார். எப்ப அனுப்புனாங்கனு கேட்டா முந்தின நாள் ராத்திரியாம். எந்த நட்சத்திரம்? "ரொம்ப பக்கம் தான் சார், ப்ராக்ஸிமா செண்டாரி."

சூரியன விட்டா நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்குற நட்சத்திரம் அது தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பக்கமே 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய் சேர 4.24 வருஷம் ஆகுற தூரம். ரேடியோ சிக்னல் ஒளி வேகத்துல தான் போகும், அப்ப போய் சேரவே நாலேகால் வருஷம், பதில் வர இன்னொரு நாலேகால். கப்பல் கதை இன்னும் மோசம், நாம அனுப்புன வாயேஜர் 1 விண்கலம் செகண்டுக்கு 17 கிலோமீட்டர் போகுது, அந்த வேகத்துல அவ்ளோ தூரம் போக 70,000 வருஷத்துக்கு மேல ஆகும்.

"வார்ப் டிரைவ் இருக்குனு வெச்சுக்கலாமே"ன்னார், ஒளிய விட வேகமா போற கற்பனை எஞ்சின். தாராளமா வெச்சுக்கலாம், கற்பனை தானே. ஆனா வெச்ச உடனே இன்னொரு கேள்வி வந்து உக்காந்துக்கும், அது இருந்தும் இத்தன நாள் ஏன் வரல? புள்ளைங்க செத்துட்டாங்கனு நெனச்சாங்களா, அங்க சண்டையா, கப்பல் போற வழி எப்பவாவது தான் தொறக்குமா, ஏதோ ஒன்னு சொல்லியாகணும். இது கடைசியில ஒட்டுப் போட்டு சரி பண்ற விஷயம் இல்ல, காரணம் முதல் அத்தியாயத்துலயே விழுந்திருக்கணும். அத மாத்துனா வில்லனோட அவசரம் மாறும், புள்ளைங்க எதுக்கு ஓடுறாங்கங்கறது மாறும். அவர் கிட்டத்தட்ட முழுசா திருப்பி எழுத வேண்டியதாச்சு, பாவமா தான் இருந்துச்சு.

எனக்கு அதவிட எரிச்சல் என்னன்னா, அந்த எட்டரை வருஷம் தான்யா கதையே. எட்டு வயசுல ஒருத்தி சிக்னல் அனுப்புறா, பதில் வர்றப்ப அவளுக்கு பதினாறு தாண்டிடுச்சு. அதுக்குள்ள இங்க ஒரு வீடு, ஃப்ரெண்ட்ஸ், எடுத்து வளத்த ஒரு அம்மா. இப்ப அவ போவாளா மாட்டாளா? இத கையில வெச்சுக்கிட்டு வெளிச்சம் இறங்குச்சுனு முடிச்சா எப்டி.

இந்த சிக்கல்ல மாட்டாம தப்பிக்கவும் வழி இருக்கு. அலெக்சாண்டர் கீ 1968-ல எழுதி, டிஸ்னி 1975-ல படமா எடுத்த "எஸ்கேப் டு விட்ச் மவுண்டன்"ல புள்ளைங்களோட சொந்தக்காரங்க ஏற்கனவே பூமியிலயே ஒரு மலையில ஒளிஞ்சு வாழ்றாங்க. அங்க போய் சேந்தா போதும், வண்டியிலயே போயிடலாம், ஒளியாண்டு கணக்கே வேணாம். அப்படியே சுட்டுடாதீங்க, சேர வேண்டிய இடத்த எங்க வெச்சாங்கனு மட்டும் கவனிங்க.

நம்ம மாதிரி ஏன் இருக்காங்க?

ஆக்டோபஸ் கண்ணும் நம்ம கண்ணும் தனித்தனியா பரிணாமம் ஆகி கிட்டத்தட்ட ஒரே அமைப்புல வந்து நின்னுச்சு, அது உண்மை. அதுக்காக புருவம், காது மடல், பத்து விரல் எல்லாம் அப்படியே அமையும்னு நம்ப முடியாது. அதனால ஒரு காரணத்த முடிவு பண்ணுங்க. வேஷம்னா அது எப்ப கலையும்? முன்னோருங்க பூமியில இருந்து போனவங்கன்னா அப்புறம் ரத்தத்த நீலமா எழுதாதீங்க. எத எடுத்தாலும் காய்ச்சல் வந்து டாக்டர்கிட்ட போற சீன் ஒன்னு வைங்க, நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்ச உடனே அந்தாளு முகம் மாறுதா இல்லையா, துரத்தல் சீன விட அதுல தான் டென்ஷன் ஜாஸ்தி.

வயசு

"எனக்கு எட்டு வயசு"ன்னா எந்த ஊர் வருஷம்? செவ்வாய்க்கு ஒரு வருஷம் நம்ம கணக்குல 687 நாள், அங்க அந்தப் புள்ளைக்கு நாலு தாண்டியிருக்கும். வேற ஒரு நட்சத்திரத்த சுத்துற டிராப்பிஸ்ட்-1இ கிரகத்துல வருஷமே ஆறு நாள் சொச்சம், அங்க கிட்டத்தட்ட 480 வயசு கிழவி. ஸ்கூல் அட்மிஷன் சீனுக்கு நல்ல காமெடி, யாருமே எழுத மாட்டேங்கறாங்க.

பேரு

க்ஸோரான், ஸார்க்ஸ் வேணாம். வாய் விட்டு படிச்சுக் காட்டுற அப்பா அம்மாவ நெனச்சுப் பாருங்க.

வில்லன்

வெள்ளை கோட்டு விஞ்ஞானிய நெறைய பாத்தாச்சு. போதும்.

சக்தி

மனச படிக்கிற சக்தி குடுத்துட்டு, நடுவுல ஒரு அங்கிள் நல்லவன் மாதிரி நடிச்சு ஏமாத்துறான்னு எழுதுறாங்க. அவ தான் மனச படிப்பாளே? ஒன்னு சக்திக்கு எல்ல போடுங்க, தூரம், களைப்பு, தெரியாத பாஷை, ஏதாவது. இல்ல அந்த அங்கிள தூக்கிடுங்க.

ஈர்ப்பு விசை

எல்லாரும் புள்ளைங்கள உயர உயரமா தாவ விடுறாங்க. அது பூமிய விட ஈர்ப்பு ஜாஸ்தியான கிரகத்துல வளந்தா தான் நடக்கும். செவ்வாய் மாதிரி நம்மளோடதுல 38% ஈர்ப்பு இருக்குற இடத்துல வளந்திருந்தா, 30 கிலோ புள்ளைக்கு இங்க தன் ஒடம்பே 80 கிலோ ஆன மாதிரி இருக்கும். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், வில்லன் துரத்துனா ஓடவும் முடியாது. அண்ணன் தூக்கிட்டு ஓடுவான்னு எழுதாதீங்க, அவனும் அதே கிரகம் தான்.